வழுவின் இடம்

கணினி நிரலில் நேரும் பிழையைத் தமிழில் ‘வழு’ என்று வழங்கத் தொடங்கியவர் யாராயினும் அவர் இலக்கணம் கற்றவராகவே இருந்திருத்தல் வேண்டும். பிழை, தவறு, குற்றம், பழுது என்று எத்தனையோ சொற்கள் கைக்கெட்டும் தூரத்திற் கிடக்க, திணையும் பாலும் இடமும் காலமும் மயங்குவதைக் குறிக்கப் பவணந்தியார் கையாண்ட சொல்லை எடுத்தாண்டமை தற்செயலாக அமைந்ததன்று. ஒரு தொடரிலுள்ள சொற்கள் தனித்தனியே குற்றமற்றிருந்தும், ஒன்றோடொன்று கூடும்போது இயைபு கெடுவதே இலக்கணத்தில் வழுவாம். ‘நாளை’ என்பதிற் பிழையில்லை. ‘வந்தான்’ என்பதிலும் பிழையில்லை. ‘நாளை வந்தான்’ என்றவிடத்துக் காலம் வழுவுகின்றது. கணினியிலும் இதுவே நிகழ்கின்றது. நிரல் சரியானது, இயங்குதளம் சரியானது, நிரல்மொழி சரியானது. மூன்றையும் ஓரிடத்திற் கூட்டினால் ஒன்று வழுவி நிற்கின்றது. அவ்வழு எவ்விடத்தது என்று காண்பது எத்துணைக் கடினம் என்பதை மண்டூரிலே 2022ஆம் ஆண்டில் நடைபெற்ற ஒரு சிறு முயற்சி நன்கு காட்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் கீழைக்கரையை எழுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். சின்னக் கதிர்காமம் எனப் பெயர்பெற்ற முருகன் கோயிலையுடைய மண்டூர் படுவான்கரையின் பழம்பதிகளுள் ஒன்று. எதிர்க்கரையிலுள்ள குருமண்வெளியிலிருந்து வாவியைக் கடந்து அங்கே செல்வோர் ‘பாதை’ எனப்படும் தட்டையான படகிலேறிச் செல்வர். நீரின்மேற் செல்லும் ஒன்றைப் பாதை என்று அழைப்பது வெளியூராருக்கு வியப்பாகத் தோன்றலாம். அவ்வூராருக்கு அதுவே மரபு.

கூத்து இப்பிரதேசத்தின் உயிர்நாடிகளுள் ஒன்று என்பதைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது அவர் நாடிச் சென்றது இம்மண்ணின் வடமோடி, தென்மோடி மரபுகளையே. ஆயின் மேடையேறிய கூத்துகள் சிலவே. அண்ணாவிமாரின் பெட்டிகளில் ஏடாகவும் கொப்பியாகவும் உறங்கிய கூத்துகள் பலவாம். அவற்றுட் சிலவற்றை 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி கொண்டுபோயிற்று. எஞ்சியவற்றுட் சில, போர்க்காலத்தில் மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடிய நாட்களில் மறைந்தன. 2007இல் படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தபோது உடுத்த உடையோடு புறப்பட்டவர்கள் கொப்பிகளையா சுமந்து சென்றிருப்பர்?

மண்டூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எண்பது வயதைக் கடந்த அண்ணாவியார் ஒருவரிடம் எஞ்சியிருந்த ஐந்து கூத்துக் கொப்பிகளை அவர் பெற்று, பதினொரு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கணினியில் தட்டச்சிட்டு வந்தார். அவர் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் நம்பியிருந்த எழுத்துரு அதுவே. உண்மையிலே பாமினியில் எழுதப்பட்ட கோப்பில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அவற்றிற்குத் தமிழ் வேடம் புனைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. வேடத்தைக் களைந்தால் உள்ளே இருப்பது பொருளற்ற ஆங்கிலக் குவியல். இணையத்திலுள்ள ஈழத்துப் பக்கங்கள் சிலவற்றிற் காற்புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் ‘இ’ என்ற எழுத்து நிற்பதைக் கண்டு நகைத்தவர்கள் பலர் இருப்பர். பாமினியில் ‘இ’ குடியிருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் என்பதே அதன் காரணம்.

எனவே அக்கூத்துகள் நிலைபெற வேண்டுமாயின் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாததாயிற்று. ஆசிரியரின் தமக்கை மகன் பேராதனையிற் பொறியியல் பயின்றுகொண்டிருந்தான். எவரோ எழுதி யாவர்க்கும் இலவசமாக அளித்திருந்த, பைதன் மொழியில் அமைந்த சிறு நிரல் நூலகம் ஒன்றை அவன் கண்டெடுத்தான். சாளரமும் பொத்தானும் அற்ற நிரல் அது. கரிய திரையிற் கட்டளையை எழுத்தால் எழுதினால், பாமினிக் கோப்பை வாங்கி ஒருங்குறிக் கோப்பைத் தரும். லினக்ஸ் இயங்குதளம் கொண்ட தன் மடிக்கணினியில், மாமா முன்னர் அனுப்பியிருந்த பத்துப் பக்கங்களை அவன் மாற்றிப் பார்த்தான். ஓர் எழுத்தும் பிசகாமல் வந்தது. அந்நிரலைப் பென்டிரைவிற் பதிந்து, ஊருக்குச் செல்லும் ஒருவர் கையில் மண்டூருக்குக் கொடுத்தனுப்பினான்.

மண்டூரில் நிரல் ஓடவில்லை.

ஆசிரியரின் கணினியில் இருந்தது 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை அந்நிறுவனம் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆயினும் பாமினி விசைப்பலகை அதிற் பழகிப்போயிருந்தது. அச்சுப்பொறியும் அதனோடுதான் பேசும். எக்ஸ்பியில் நிறுவக்கூடிய பைதன் பதிப்புகளுள் இறுதியானது 2014இல் வெளிவந்த 3.4 ஆகும். 3.5ஆம் பதிப்பு எக்ஸ்பியைக் கைவிட்டது. மருமகனின் கணினியில் இருந்ததோ 3.8. இரண்டுக்கும் இடையே தசமப் புள்ளிக்குப் பின் ஓரெண் மட்டுமே வேறுபாடு என்று எண்ணுபவர் ஏமாறுவர்.

முதல் வழு எளிதில் அகன்றது. சரத்தின் உள்ளேயே மாறியின் பெயரை இட்டு எழுதும் வசதி 3.6இல் வந்தது, 3.4க்கு அது புரியாத தொடர். தொடர்ப்பிழை என்று சொல்லி முதல் வரியிலேயே நின்றுவிட்டது. மருமகன் பழைய முறையில் அவ்வரிகளை மாற்றி மீண்டும் அனுப்பினான்.

இரண்டாம் வழு தொலைபேசி வழியே ஆராயப்பட்டது. கரிய திரையில் வந்து நின்ற ஆங்கில வரிகளை ஆசிரியர் மேலிருந்து கீழாக எழுத்துக் கூட்டி வாசிக்க, மருமகன் மறுமுனையில் எழுதிக்கொண்டான். பைதன் தன் துன்பத்தைச் சொல்லும் முறை ஒப்பாரியைப் போன்றது. நெடிய முறையீடுகளின் பின்னர்க் கடைசி வரியிலேதான் இறந்தவர் பெயர் வரும். “கடைசி வரிய மட்டும் வாசியுங்க மாமா” என்று அவன் சொல்ல அரை மணி நேரமாயிற்று. அவ்வரி கூறியது இதுவே: தமிழ் எழுத்தை எழுத முடியவில்லை, ஏனெனில் இக்கணினியின் எழுத்து அட்டவணையில் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 2000இலேதான் தமிழ் முதன்முதலில் அவ்வியங்குதளத்தினுள் நுழைந்தது. அப்போதும் தாய், அரபு முதலிய மொழிகளுக்கு இருந்த பழைய ஓரெண்பிட் அட்டவணை தமிழுக்கு அமையவில்லை. தமிழ் ஒருங்குறி வழியாக மட்டுமே வழங்கப்பட்டது. கோப்பொன்றைத் திறக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று சொல்லாவிடின், பைதன் விண்டோஸின் பழைய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அங்கே தமிழ் இல்லை. லினக்ஸிலோ சொல்லாமலே ஒருங்குறி கிடைத்துவிடுகின்றது. கரிய திரையிலே ஒருங்குறியை நேரே எழுதும் வழி விண்டோஸுக்கான பைதனில் 3.6இலேதான் அமைந்தது. குறியாக்கத்தின் பெயரை வெளிப்படையாகக் கூறுமாறும், திரையில் எதனையும் எழுதாமற் கோப்பில் மட்டும் எழுதுமாறும் நிரல் திருத்தப்பட்டது.

இதன் பின்னர் நிரல் ஓடியது. உண்மையான துன்பம் அதன் பின்னரே தொடங்கியது.

ஆசிரியர் ஒரு கொப்பியை மாற்றினார். தாளக்கட்டு வருமிடமெல்லாம் சில எழுத்துகள் குலைந்து கிடந்தன. ‘தோம்’ என்ற சொல்லில் ஏகாரக் கொம்பு தகரத்திற்கு முன்னே குதித்து, புள்ளியிட்ட வட்டம் ஒன்றைக் கட்டியழுதுகொண்டு நின்றது. மறுநாள் மீண்டும் மாற்றினார். இப்போது ‘தோம்’ சரியாக இருந்தது. ஆனால் ‘ர்’ வரும் இடமெல்லாம் துணைக்காலின் தலையிற் புள்ளி ஏறியிருந்தது. மூன்றாம் முறை எல்லாம் சரிபோலத் தோன்றிற்று. ஆயின் ‘தோம்’ எத்தனை இடத்தில் வருகின்றது என்று தேடினால் ஓரிடத்திலும் இல்லை என்று கணினி சாதித்தது. ஒரே கோப்பு, ஒரே கட்டளை, விடை மூன்று.

மருமகன் அதே கோப்பைத் தன் கணினியில் நூறு முறை ஓட்டினான். நூறு முறையும் ஒரே விடை, சரியான விடை. “என்ட கணினியில ஓடுது மாமா” என்றான். நிரலெழுதுவோர் உலகில் இவ்விடையைவிடக் கேடானது வேறொன்றில்லை. அது பொய்யன்று, ஆனால் மெய்யும் அன்று. கேட்பவர் செவியில் அது ‘பிழை உங்களுடையது’ என்றே விழும். ஆசிரியர் செவியிலும் அவ்வாறே விழுந்தது. அவருக்கு ஒரு கண்ணிற் புரை வளர்ந்திருந்தது. பதினொரு ஆண்டுகளாகத் தாம் தட்டியவற்றில் விரல் தவறிய இடங்கள் எத்தனையோ, அவற்றைத்தான் கணினி இப்போது காட்டிக்கொடுக்கின்றது போலும் என்று அவர் முடிவுசெய்தார். எவரிடமும் கூறாமல் முதற் கொப்பியைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் தட்டச்சிடத் தொடங்கினார். அது நாடெங்கும் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு நிலவிய 2022 மார்ச், ஏப்ரல் காலம். மின்சாரம் வரும் வேளை நோக்கி, நள்ளிரவானாலும் எழுந்திருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் தட்டினார். நாற்பது பக்கங்கள் இவ்வாறு மீண்டும் எழுதப்பட்டன. முன்னர் எழுதியதற்கும் பின்னர் எழுதியதற்கும் ஓர் எழுத்து வேறுபாடில்லை என்பது பின்னரே தெரியவந்தது.

பல்கலைக்கழக வகுப்புகள் இணையவழி நடந்தமையால் ஊருக்கு வந்திருந்த மருமகன் இதனை மாமி வாயிலாக அறிந்து, பாதையேறி மண்டூருக்கு வந்தான். எரிபொருள் தட்டுப்பாட்டினால் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் குருமண்வெளித் துறைவரை வந்ததாகச் சொல்வர்.

அவன் செய்த முதற் காரியம் சிறப்பானது. நாற்பது பக்கக் கோப்பை ஒதுக்கிவைத்து, ‘தோம்’ என்ற ஒரே சொல்லைக் கொண்ட கோப்பொன்றை மாமாவைக்கொண்டே தட்டச்சிடுவித்தான். மருத்துவர் உடம்பெல்லாம் நோகின்றது என்பவனிடம் ஒரு விரலை அழுத்திப் பார்ப்பது போல்வது இது. ஒரு சொல்லை இருபது முறை மாற்றினார்கள். விடை முறைக்கு முறை மாறியது. கண்முன்னே தட்டிய ஒரு சொல்லில் விரல் தவறியிருக்க இடமில்லை. ஆசிரியர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இனி அவ்வழுவின் காரணத்தைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும். பாமினியை ஒருங்குறியாக மாற்றும் நிரல் ஓர் அகராதியை வைத்திருக்கின்றது. இன்ன ஆங்கிலக் குறிக்கு இன்ன தமிழெழுத்து என்பது அவ்வகராதி. நிரல் அதிலுள்ள பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பு முழுவதிலும் பதிலிட்டுக்கொண்டு செல்லும். ‘தோ’ என்பது பாமினியில் ஏகாரக் கொம்பு, தகரம், துணைக்கால் என மூன்று குறி. இம்மூன்றையும் சேர்த்து ‘தோ’ என்று மாற்றும் பதிவு முதலிற் செயற்பட்டால் நன்று. அதற்கு முன்னரே கொம்பும் தகரமும் சேர்ந்த ‘தே’ மாற்றப்பட்டுவிட்டால், ‘தே’யின் பின் ஒரு கால் தனித்து நிற்கும். கொம்பு மட்டும் முதலில் மாறினால் அது தகரத்திற்கு முன்னே அநாதையாக நிற்கும். ஆகவே எல்லாம் வரிசையிலே தங்கியுள்ளது. அந்நிரலை எழுதியவர் வரிசையைச் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் பைதன் மொழியின் அகராதி, எழுதிய வரிசையைப் பேணும் என்ற உறுதி 3.7இலேதான் மொழியின் விதியாயிற்று. 3.4இல் அவ்வுறுதி இல்லை. அதுமட்டுமன்று, 2011இன் இறுதியில், அகராதியின் உள்ளமைப்பை முன்னறிந்து வேண்டுமென்றே திணறடிக்கும் தாக்குதல்கள் பல நிரல்மொழிகளிலும் இயலும் என்று காட்டப்பட்டமையால், 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு முதல் நிரலைத் தொடங்குந்தோறும் சரங்களுக்குரிய உட்குறிமதிப்புகள் வேண்டுமென்றே குலுக்கப்பட்டன. எனவே 3.4இல் அகராதியின் வரிசை ஒவ்வொரு முறையும் வேறு. மூன்று நாளும் மூன்று விடை வந்ததன் மருமம் இதுவே. குலுக்கலை நிறுத்தி, குறித்த ஓர் எண்ணை நிலையாக இட்டபோது ஒரே விடை மாறாமல் வந்தது, ஐயம் தெளிந்தது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மருமகனின் கணினியில் நிரல் சரியாக ஓடியமைக்கு, அது எங்கும் ஓடத்தக்கதாக எழுதப்பட்டிருந்தமை காரணமன்று. பிழையை மறைக்கும் பதிப்பு அங்கே இருந்தமையே காரணம். வழு இரண்டு கணினியிலும் இருந்தது. மண்டூரிலுள்ளது மட்டும் அதனை வெளியே சொல்லிற்று.

மருமகன் உடனே ஒரு மருந்து கண்டான். நீளமான குறித்தொடர்களை முதலிலும் குறுகியவற்றைப் பின்னரும் மாற்றுமாறு வரிசைப்படுத்தினால் எப்பதிப்பிலும் ஒரே விடை வரும் அன்றோ? அவ்வாறே செய்தான். ‘தோம்’ நிலைபெற்றது. இளைஞன் மகிழ்ந்து முழுக் கொப்பியையும் மாற்றி மாமாவிடம் கொடுத்தான். அவர் இரண்டாம் பக்கத்திலேயே விரலை வைத்தார். போர்க்களத்து விருத்தத்தில் ‘தேர்’ என்றிருக்க வேண்டிய இடத்தில், ஓகாரத்தின் துணைக்காலில் ஒரு புள்ளி ஏறி நின்றது. ‘சேர்’, ‘நேர்’, ‘வேர்’ யாவும் அவ்வாறே. பாமினியில் ‘ர்’ எழுதும்போது பலர் துணைக்காலை இட்டு அதன்மேற் புள்ளி வைப்பர். ஆகவே ‘தேர்’ என்பது கொம்பு, தகரம், கால், புள்ளி. நீண்டதை முதலில் மாற்று என்ற விதி முதல் மூன்றையும் ‘தோ’ என்று விழுங்கிவிட்டுப் புள்ளியை நடுத்தெருவில் விட்டுவிட்டது.

மருமகன் திகைத்தான். ஆசிரியர் திகைக்கவில்லை. “கால்ல புள்ளி வைச்ச எழுத்து தமிழில எங்க மனே இருக்கு? புள்ளி வந்தா அது காலில்ல, ரகரம்” என்றார். ஓலைச்சுவடியில் ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு இல்லை; மெய்க்குப் புள்ளியும் இடப்படுவதில்லை; எகர ஏகாரங்களும் ஒன்றுபோலவே இருக்கும். சுவடி படித்தவர்கள் சூழலைக்கொண்டே காலா ரகரமா என்று துணிந்தனர். பதிப்பாசிரியர் பட்ட பாடுகளுட் பாதி இதனால் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஏட்டில் இருந்த அதே மயக்கம், விசைகளைச் சிக்கனப்படுத்திய ஓர் எழுத்துருவின் வாயிலாக மீண்டும் வந்து நிற்பதை ஆசிரியர் கண்டுகொண்டார். ஏடு வாசிக்க அறிந்தவருக்கு அது பழைய நண்பன். மருமகன் மூல நிரலைத் திறந்து பார்த்தான். அதனை எழுதியவர் காலும் புள்ளியும் சேர்ந்ததை ரகரமாக்கும் பதிவையே அனைத்திற்கும் முதலாக வைத்திருந்தார். ஏன் என்று ஒரு சொல் விளக்கம் எழுதியிருந்தால் இத்துணை அலைச்சல் நேர்ந்திராது. அகராதியைக் கைவிட்டு, எப்பதிப்பிலும் வரிசை மாறாத பட்டியலாக அப்பதிவுகளை எழுதினார்கள். முதல் வரியின் பக்கத்தில் ஆசிரியர் சொன்ன விதி தமிழிலேயே குறிப்பாகச் சேர்க்கப்பட்டது.

தேடினால் அகப்படாத ‘தோம்’ இன்னும் எஞ்சியிருந்தது. தகரத்தின் பின் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியே நிற்பதையும், ஓகாரக் குறி ஒன்றாக நிற்பதையும் ஒருங்குறி ஒன்றென்றே கருதும். திரையிலும் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். எளிய ஒப்பீட்டு நிரலுக்கோ அவை வெவ்வேறு. கண்ணுக்குப் புலப்படும் வழுவைக் காட்டிலும் புலப்படாத இவ்வழுவே கொடியது. எல்லாவற்றையும் ஒன்றுகூட்டிய வடிவிற்கு மாற்றும் ஒருவரி சேர்க்கப்பட்டது. இதே வழு சில நாட்களிற் கடல் கடந்தும் தலைகாட்டிற்று. கனடாவிலுள்ள ஆசிரியரின் மகளுக்குக் கோப்புகள் அனுப்பப்பட்டன. அவளுடைய பழைய மக் கணினி ‘கொலுவரவு’ என்ற பெயருடைய கோப்பு இல்லை என்றது. பட்டியலில் அப்பெயர் கண்ணெதிரே இருந்தது. 2017இல் ஆப்பிள் நிறுவனம் புதிய கோப்பமைப்புக்கு மாறும்வரை, அதன் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. ஒகரக் குறியை எகரக் கொம்பென்றும் காலென்றும் பிளந்து வைத்தன. “மச்சாள், பெயரைச் சேர்த்துப்போட்டு ஒப்பிட்டுப் பாருங்க” என்று மருமகன் எழுதியதோடு அது தீர்ந்தது. வரி முடிவுக் குறிகள் விண்டோஸில் ஒருவாறும் லினக்ஸில் வேறொருவாறும் இருப்பது, பழைய நோட்பேட் கோப்பின் தலையிற் காணாக்குறி ஒன்றை ஒட்டிவிடுவது முதலிய சில்லறைத் தொல்லைகளும் உண்டு. அவை எவருக்கும் நேர்வன.

அந்நாட்களில் மாமனும் மருமகனும் மின்சாரமில்லாத மாலைகளில் திண்ணையிலிருந்து வழுக்களுக்குப் பெயர் சூட்டிப் பொழுதுபோக்கினராம். பதிப்பு வேறுபாட்டால் வருவது கால வழு. இயங்குதள வேறுபாட்டால் வருவது இட வழு; இலக்கணத்தில் இடம் என்பது தன்மை முன்னிலை படர்க்கையையன்றோ குறிக்கும் என்று ஆசிரியர் மறுத்தாராம். “என்ட கணினி, உங்கட கணினி எண்டு நாங்க பட்ட பாடும் அதுதானே மாமா” என்று மருமகன் சொன்னதும் அவர் ஒத்துக்கொண்டார். குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டு ஊர் வழக்கத்தை நம்புவதால் வருவது மரபு வழு. வழுவமைதிக்கும் எடுத்துக்காட்டு அகப்பட்டது. ஒருங்குறி அட்டவணையில் ஆய்த எழுத்துக்கு இடப்பட்டுள்ள ஆங்கிலப் பெயர் ‘விசர்க்கம்’ என்பதாம். வடமொழி விசர்க்கம் வேறு, தமிழ் ஆய்தம் வேறு என்பதை ஆண்டு மூன்றிற் படிக்கும் மாணவனும் அறிவான். ஆயினும் ஒருமுறை இட்ட பெயரை என்றும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதிப்பாடு. மாற்றினால் அப்பெயரை நம்பிய நிரல்கள் உலகெங்கும் உடையும். பிழையென்றறிந்தும் காரணம்பற்றி ஏற்றுக்கொள்வதன்றோ வழுவமைதி?

‘மண்டூர்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்ற கேள்வியும் ஒருநாள் எழுந்தது. பைதன் 2 சாதாரணமாக 21 என்று சொல்லும். அது கணினி சேமித்த எண்ணெண்களின் தொகை. பைதன் 3 ஏழு என்று சொல்லும். புள்ளியையும் ஊகாரக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகின்றது. தமிழ்ப் பிள்ளை நான்கு என்று சொல்லும். ஓபன்-தமிழ் போன்ற நிரல் நூலகங்கள் தோன்றியது அந்த நான்கைக் கணினியையும் சொல்லவைக்கவே. ஆசிரியர் விரல்விட்டு மாத்திரையையும் எண்ணினார்: ஒன்று, அரை, இரண்டு, அரை. அதுவும் நான்காகவே வந்ததிற் கிழவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு நியாயம் ஒன்றும் இல்லை. வேறு ஊரின் பெயராயின் வேறுபட்டிருக்கும்.

இறுதியில் முதற் கொப்பி முழுதும் அச்சிடப்பட்டு அண்ணாவியார் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவருக்கு வாசிக்க இயலாது. ஆசிரியர் வாசிக்க, அவர் தொடையிலே தாளமிட்டுக்கொண்டு கேட்டார். விருத்தங்களும் தருக்களும் தடையின்றிச் சென்றன. அரசன் வரவுத் தாளக்கட்டில் அவர் கையை உயர்த்தினார். ஒரு ‘தோம்’ குறைகின்றது என்றார். மருமகனின் முகம் வெளிறிற்று. தாளக்கட்டின் சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை; எழுத்துப் பிழை திருத்தும் நிரல் எதுவும் அவற்றைத் தொடாது; அவற்றைச் சரிபார்க்கத்தக்க கருவி அந்த மனிதரின் தொடை ஒன்றே. பாமினிக் கோப்பைப் பார்த்தார்கள், அங்கும் குறைந்திருந்தது. கொப்பியைப் பார்த்தார்கள், கொப்பியிலும் அவ்வாறே. அண்ணாவியார் சிறிது நேரம் முணுமுணுத்துப் பாடிப் பார்த்துவிட்டு, அக்கொப்பி தாமே இளமையில் தம் ஆசானின் ஏட்டைப் பார்த்து எழுதியது என்றும், அவ்வேடு சூறாவளியோடு போயிற்று என்றும், எழுதும்போது தாமே விட்டிருக்கலாம் அல்லது ஏட்டிலேயே விடுபட்டிருக்கலாம் என்றும் சொன்னார். “ஆடேக்க ஒருநாளும் விட்டதில்ல, மறுகா ஏன் எழுதினன் இப்பிடி?” என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

கோப்பில் அவ்வரி கொப்பியில் உள்ளவாறே விடப்பட்டது. அதன் கீழே அண்ணாவியார் பாடிய வடிவம் வேறொரு வரியாக, யார் சொன்னது, எந்நாளிற் சொன்னது என்ற குறிப்போடு சேர்க்கப்பட்டது. மீண்டும் தட்டச்சிட்ட நாற்பது பக்கங்களை என்ன செய்வது என்று மருமகன் கேட்டான். இரண்டு தட்டச்சையும் ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும் என்று ஆசிரியர் அவற்றை வைத்துக்கொண்டார். மற்றைய நான்கு கொப்பிகளும் அதே எக்ஸ்பி கணினியில், அதே 3.4ஆம் பதிப்பில், அடுத்த வாரத்துள் மாற்றப்பட்டன.